நாலரை அங்குலம் உயர்ந்த வண்டி... கடவுள்களின் பள்ளத்தாக்கில் ஓர் இரவு!

"அத்தை, ஏறிப் பாருங்க!" என்றார் மாமா. முகம் நிறைய சிரிப்பு.

மூன்று வாரமாக ஆபீஸ் விட்டு வந்ததும் இதே வேலையாகக் கிடந்தவர் அவர். இப்போது அந்தக் குட்டி டிரெய்லர் முன்பைவிட நாலரை அங்குலம் உயரமாக, வீட்டு வாசலில் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. அம்மா கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினார். கால் பாதியிலேயே நின்றுவிட்டது. இடது காலை முயன்றார். அதுவும் முடியவில்லை. எட்டு வருடமாக முழங்கால் வலி அவருக்கு.

அம்மா மெதுவாகக் காலைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க மாப்பிள்ளை. நான் வீட்டைப் பார்த்துக்கறேன்" என்றார்.

யாரும் எதுவும் பேசவில்லை. அம்மாவை அழைத்துப் போகத்தான் இத்தனை வேலையுமே!

எதற்காக இந்த வண்டி?

அக்காவும் அக்கா கணவரும் இருப்பது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரத்தை ஒட்டிய சாண்ட்லரில். எங்கள் பக்கத்தில் அக்கா கணவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். பேத்தியைப் பார்க்க ஆறு மாத விசாவில் போயிருந்தார் அம்மா. சேர்த்துவைத்த விடுமுறையை எல்லாம் மொத்தமாக எடுத்துக்கொண்டு, கடைசி ஒரு மாதத்துக்கு நானும் போய்ச் சேர்ந்தேன்.

அந்த ஊரில் மாமாவின் செல்லப்பிள்ளை, காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் 13 அடி டிரெய்லர். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வயது இருபத்தைந்துக்கு மேல். வெளியே பார்த்தால் வெள்ளை முட்டை மாதிரி இருக்கும். உள்ளே ஒரு கட்டில், மடித்தால் மேஜை, இரண்டு பர்னர் அடுப்பு, கை கழுவும் தொட்டி, 45 லிட்டர் தண்ணீர் டேங்க். அவ்வளவுதான் வீடு!

இந்த 'முட்டை' வண்டிகளுக்கு ஒரு சுவாரஸ்யமான கதை உண்டு. கனடாவின் வின்னிபெக் நகரைச் சேர்ந்த ரே ஒலெக்கோ என்பவர் ஃபைபர்கிளாஸில் செப்டிக் டேங்க் செய்து பார்த்தவர். 'டேங்க் செய்ய முடிந்தால் வீடு செய்ய முடியாதா?' என்று யோசித்தார். 1968-ல் 'போலர்' என்ற டிரெய்லர் பிறந்தது. மேல் பாதி, கீழ் பாதி என இரண்டு ஓடுகளைச் செய்து நடுவில் ஒட்டிவிடுவார்கள். மழை ஒழுகாது, எடையும் குறைவு. அதைப் பார்த்துப் பல கம்பெனிகள் அதே மாதிரி செய்யத் தொடங்கின. மாமாவின் வண்டியும் அந்தப் பரம்பரைதான்.

எடை குறைவாக, சிறிய காரே இழுக்கும்படி செய்த வண்டி என்பதால், தரைக்கு மிக அருகில் உட்கார்ந்திருக்கும். நெடுஞ்சாலையில் அது நல்லது. காற்றுக்கு ஆடாது. ஆனால் மண் சாலையில்?

ஏப்ரலில் உடைந்த குழாய்

நம் ஊரில் கார் வாங்கப் போனால், மைலேஜுக்கு அடுத்த கேள்வி 'கிரவுண்ட் கிளியரன்ஸ் எவ்வளவு?' என்பதுதான். ஸ்பீடு பிரேக்கரில் அடி வாங்கிய அனுபவம் நம் எல்லோருக்கும் இருக்கிறதே! வண்டியின் அடியில் மிகத் தாழ்வாகத் தொங்கும் பாகத்துக்கும் தரைக்கும் இருக்கும் இடைவெளிதான் அது. மாமாவின் டிரெய்லரில் மிகத் தாழ்வானது, கை கழுவும் தொட்டியின் கழிவுநீர்க் குழாய். தரையிலிருந்து வெறும் 19 சென்டிமீட்டர்.

ஏப்ரல் மாதம், நான் வருவதற்கு முன், மாமாவும் அக்காவும் நாலு வயதுப் பாப்பாவும் யூட்டா மாநிலத்தில் இருக்கும் 'வேலி ஆஃப் த காட்ஸ்' என்ற இடத்துக்குப் போயிருக்கிறார்கள். பெயரே 'கடவுள்களின் பள்ளத்தாக்கு'. 17 மைல், அதாவது 27 கிலோமீட்டருக்குத் தார் போடாத மண் சாலை. உள்ளே போன கொஞ்ச தூரத்திலேயே ஒரு வறண்ட ஓடை குறுக்கிட்டது. கார் இறங்கி ஏறிவிட்டது. டிரெய்லர் ஏறும்போது 'டொக்'கென்று ஒரு சத்தம்.

"கார் மேட்டுல ஏறும்போது டிரெய்லரோட மூக்கு மேல தூக்கும், வால் கீழ தாழும். குழாய் இருக்கறது வால் பக்கம். கல்லுல நேரா மோதிடுச்சு" என்று கையை ஆட்டி விளக்கினார் மாமா. குழாய் இரண்டாக உடைந்து, வண்டி அந்தரத்தில் மாட்டி, இருட்டுவதற்குள் ரிவர்ஸ் எடுத்து வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆனதாம். பாப்பா அழ, அக்கா திட்ட, பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்கள்.

அன்று எடுத்த ஒரே ஒரு போட்டோவை அம்மாவிடம் காட்டியிருக்கிறார் அக்கா. சிவந்த மண், நடுவில் கோபுரம் கோபுரமாகப் பாறைகள். "இப்படி ஒரு இடம் நிஜமாவே இருக்கா?" என்று கேட்டாராம் அம்மா. அந்த ஒரு கேள்விதான் மாமாவுக்குப் பிடித்துக்கொண்டது. "அத்தை ஊருக்குப் போறதுக்குள்ள அங்கே கூட்டிட்டுப் போகணும். ஹோட்டல்ல இல்லை... அந்தப் பாறைக்குப் பக்கத்துலயே ஒரு ராத்திரி."

'முதலில் எலும்பு, அப்புறம் உயரம்!'

மாமா முதலில் போட்ட திட்டம் எளிமையானது. வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்குவது, அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு அங்குல இரும்புக் குழாயை வைத்து முடுக்குவது. முடிந்தது கதை.

அவர் தேடிப்பிடித்த வெல்டர், எழுபது வயதைத் தாண்டிய மெக்சிகோக்காரர். சொந்த ஷெட்டில் தனியாக வேலை பார்ப்பவர். மாமா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, ஒரு அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். பத்து நிமிடம் கழித்துத்தான் எழுந்தார். "இந்தக் கிழவனை ஸ்டூலில் ஏற்றி நிறுத்தினால் உயரமாகிவிடுவான். ஆனால் நடக்க மாட்டான்" என்று தன்னையே காட்டிச் சிரித்தார். பிறகு டார்ச் அடித்து எங்களுக்கும் காட்டினார்.

லாரிகளில் அடுக்கடுக்காகப் பட்டை வைத்த ஸ்பிரிங் பார்த்திருப்பீர்கள். இந்த வண்டியில் அது கிடையாது. சதுரமான இரும்புக் குழாய்க்குள் இன்னொரு கம்பி. இரண்டுக்கும் நடுவில் ரப்பர் உருளைகள். கம்பியின் நுனியில் ஒரு கை, அந்தக் கையில் சக்கரம். பள்ளத்தில் சக்கரம் மேலே போனால் கம்பி முறுக்கி ரப்பரை நசுக்கும். ரப்பர் திரும்பித் தள்ளும். அதுதான் ஸ்பிரிங். 'டார்ஷன் ஆக்சில்' என்கிறார்கள். நம் தமிழில் முறுக்கு அச்சு என்று சொல்லலாம்.

சிக்கல் என்னவென்றால், ரப்பருக்கும் வயதாகும். இருபத்தைந்து வருடத்தில் இறுகி, நசுங்கி, புதிதில் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டிய அந்தக் கை, படுத்தே போயிருந்தது. வண்டி இவ்வளவு தாழ்ந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். அதற்கு மேல் குழாயை வைத்து உயர்த்தினால் உயரம் கிடைக்கும், ஆனால் மண் சாலையின் ஒவ்வோர் அதிர்ச்சியும் நேராக வண்டிக்குள் இறங்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை டார்ச் வெளிச்சத்தில் காட்டினார் அவர். காரோடு இணைக்கும் முன்பக்க இரும்புச் சட்டம் வளைந்து மேலேறும் இடத்தில், தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். பெயின்ட் மறைத்திருந்ததால் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை. "இதோடு கரடுமுரடான சாலைக்குப் போயிருந்தால், வண்டி ஓரிடத்திலும் கார் ஓரிடத்திலும் நின்றிருக்கும்" என்றார். மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. ஏப்ரலில் இதே வண்டியில்தானே பாப்பாவுக்கு மத்தியானத் தூக்கம்!

பெரியவர் கொடுத்த வரிசை இது: முதலில் சட்டத்தைப் பலப்படுத்த வேண்டும். அடுத்து, புது அச்சு. அதன் பிறகுதான் உயரம்.

அளவு டேப்பின் மறுமுனையில் அம்மா

புது அச்சு கடையில் ரெடியாகக் கிடைக்காது. அளவு கொடுத்துச் செய்ய வேண்டும். இரண்டு சக்கரம் மாட்டும் முகங்களுக்கு இடையே எவ்வளவு, சட்டத்தில் பொருத்தும் இடம் எவ்வளவு அகலம், எத்தனை கிலோ தாங்க வேண்டும், கை எத்தனை டிகிரி கீழே சாய வேண்டும்... இத்தனையும் சொன்னால்தான் ஆர்டர். மாமா 22.5 டிகிரி கீழ்நோக்கிய கை கேட்டார். எலெக்ட்ரிக் பிரேக்கும் சேர்த்து. அதுவரை அந்த வண்டிக்கு பிரேக்கே கிடையாது. காரின் பிரேக்தான் இரண்டையும் நிறுத்தியது!

அச்சு வந்ததும் வேலை தொடங்கியது. நடு உயரத்துக்கான இரண்டு அங்குல இரும்புத் துண்டுகளை வண்டிக்கு அடியில் வைத்து வெல்டிங் செய்ய மறுத்துவிட்டார் பெரியவர். மேலே மரத் தரை, அதற்கு மேல் ஃபைபர்கிளாஸ். ஒரு பொறி போதும். அதனால் துண்டுகளை ஷெட் மேஜையிலேயே செய்து, போல்ட் போட்டு முடுக்கினார். சட்டத்தின் விரிசலுக்கு மட்டும், தரையை விட்டுத் தள்ளியிருந்த இடம் என்பதால், கேஸ் சிலிண்டரைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்தில் தண்ணீர் பக்கெட்டோடு வெல்டிங். மேலே ஒரு தகடும் வைத்துத் தைத்தார்.

அம்மா அன்று ஃபிளாஸ்க்கில் காபி, டப்பாவில் முறுக்கோடு ஷெட்டுக்கு வந்திருந்தார். அச்சை முடுக்குவதற்கு முன் பெரியவர் ஓர் அளவு எடுக்க வேண்டும் என்றார். காரோடு மாட்டும் முனையிலிருந்து இடது சக்கரம் வரை ஒரு நீளம், வலது சக்கரம் வரை ஒரு நீளம். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி நண்டு மாதிரி ஒருக்களித்தே போகும், டயர் சீக்கிரம் தேயும். டேப்பின் ஒரு முனையை அம்மாவிடம்தான் கொடுத்தார்.

"வீட்டுக்கு மனைக்கயிறு பிடிக்கற மாதிரிதான்... மூலைக்கு மூலை சமமா இருக்கணும்" என்றார் அம்மா. மாமா மொழிபெயர்த்தார். பெரியவர் பலமாகத் தலையாட்டினார்.

திரும்பி வரும் வழியில் அம்மா, தன் தாத்தா வீட்டு மாட்டுவண்டியைப் பற்றிச் சொன்னார். "சக்கரம் என் நெஞ்சு உசரம் இருக்கும். ஏன் இவ்ளோ பெருசுன்னு கேட்டேன். சேத்துல பாதிச் சக்கரம் இறங்கினாலும் அச்சு தரையில தட்டக் கூடாதுன்னு சொன்னாங்க. உங்க மாமா இப்ப ஆயிரம் டாலர் குடுத்துக் கண்டுபிடிச்சதும் அதுதான்!" காரில் அக்கா சிரித்த சிரிப்பு அடங்க ரொம்ப நேரமானது.

சக்கரத்தையும் பெரிதாக்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். டயருக்கு மேலே இருக்கும் வளைவில் இடம் இல்லை. பெரிய டயர் போட்டால், பள்ளத்தில் இறங்கும்போது உரசிக் கிழியும்.

கடைசிக் கணக்கு இது: புது அச்சின் சாய்வால் இரண்டரை அங்குலம், இரும்புத் துண்டால் இரண்டு அங்குலம். குழாய்க்கும் தரைக்கும் 19 சென்டிமீட்டராக இருந்த இடைவெளி இப்போது 30-ஐத் தாண்டியது.

உயர்த்தினால் முடியவில்லை!

வண்டியின் இடுப்பை மட்டும் தூக்கினால் போதாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. காரின் இணைப்பு உருண்டை பழைய உயரத்திலேயே இருந்ததால், டிரெய்லர் மூக்கைக் கவிழ்த்து நின்றது. இணைப்புக் கம்பியைத் தலைகீழாகத் திருப்பி மாட்டி, உருண்டையை உயர்த்தினார் மாமா. உள்ளே தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி நடுவில். அப்பாடா!

அடுத்து, மூக்கின் எடை. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவிகிதம் காரின் மீது இறங்க வேண்டும். 700 கிலோ வண்டி என்றால் 70 முதல் 105 கிலோ. இதைவிடக் குறைந்தால், வேகத்தில் வால் பாம்பு மாதிரி ஆடத் தொடங்கும். வீட்டு எடை மிஷினை இணைப்பு முனைக்கு அடியில் வைத்தோம். 82 காட்டியது. பாப்பா கைதட்டினாள்.

எல்லாம் சரிபார்த்தாயிற்று என்று நினைத்துத்தான் "அத்தை, ஏறிப் பாருங்க" என்றார் மாமா. தரையிலிருந்து வண்டியின் வாசல் வரை 38 சென்டிமீட்டராக இருந்தது, இப்போது 49. ஆக்சில், டிகிரி, எடை என எல்லாவற்றையும் அளந்தவர்கள், அம்மாவின் முழங்காலை அளக்க மறந்துவிட்டோம்.

அன்று இரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பத்து மணிக்கு மேல் கராஜில் ரம்பச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், மாமா பலகை அறுத்துக்கொண்டிருக்கிறார். அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். காலுக்குக் கீழே புத்தகங்களை அடுக்கி, எவ்வளவு உயரம் வரை வலிக்காமல் ஏற முடிகிறது என்று பார்க்கிறார்கள். 16 சென்டிமீட்டர் வரை சிரமம் இல்லை. ஆக, இரண்டு படி. முதல் படி 16, இரண்டாவது 33, மூன்றாவது அடி வண்டிக்குள். அம்மா சொன்னபடி படியின் அகலத்தை இரண்டு காலும் சேர்த்து வைக்கும் அளவுக்கு வைத்தார். மேலே வழுக்காத தாள். பக்கத்தில் ஒரு கைப்பிடி.

மறுநாள் காலை அம்மா ஏறினார். உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துக் கையாட்டினார். மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வைதான் என்று சொன்னார்.

கடிகாரம் தாவிய சாலை

அக்டோபர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினோம். ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே திடீர் மழைக்காலம். எங்கோ பெய்த மழை இங்கே காய்ந்த ஓடையில் வெள்ளமாக வரும். அதனால்தான் அக்டோபர்.

பீனிக்ஸ் கடல் மட்டத்திலிருந்து 350 மீட்டருக்குள். வடக்கே ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் 2,100 மீட்டர் உயரம். அந்த ஏற்றத்தில், கைகளை உயர்த்தி நிற்கும் சகுவாரோ கள்ளிகள் மெல்ல மறைந்து, பைன் காடு வந்தது. ஊட்டி ஏறுகிற மாதிரி குளிர். புது பிரேக்கின் அருமை இறக்கங்களில் தெரிந்தது. வண்டி உயர்ந்ததால் பக்கவாட்டுக் காற்று முன்பைவிட நன்றாகவே உறைத்தது. மாமா 90 கிலோமீட்டரைத் தாண்டவில்லை.

ஃபிளாக்ஸ்டாஃபைத் தாண்டி வடக்கே போனால் நவாஹோ பழங்குடி மக்களின் நிலம். அமெரிக்காவிலேயே மிகப் பெரிய பழங்குடிப் பகுதி. தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பரப்பளவு. உள்ளே நுழைந்ததும் என் போன் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் தாவியது! கோடைக்காலத்தில் கடிகாரத்தைத் திருப்பிவைக்கும் வழக்கம் அரிசோனாவில் கிடையாது. நவாஹோ நிலத்தில் உண்டு. "அதான் இவ்ளோ சீக்கிரம் பசிக்குது" என்று புளியோதரை டப்பாவைத் திறந்தார் அக்கா.

கயென்டா ஊரைத் தாண்டியதும் மான்யுமென்ட் வேலியின் பாறைகள் தெரிந்தன. சமவெளியிலிருந்து 300 மீட்டர் வரை செங்குத்தாக எழுந்து நிற்பவை. 1939-ல் வந்த 'ஸ்டேஜ்கோச்' படம் முதல் எத்தனையோ ஹாலிவுட் படங்கள் இங்கே எடுக்கப்பட்டவை. 'ஃபாரஸ்ட் கம்ப்' நாயகன் ஓடி ஓடி, ஒருநாள் போதும் என்று நின்றுவிடுவானே... அந்தச் சாலையும் இதுதான். நடுரோட்டில் நின்று போட்டோ எடுக்கும் கூட்டத்தைத் தாண்டி மெக்சிகன் ஹாட் போய்ச் சேர்ந்தோம். தொப்பியைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு பாறை. ஊருக்குப் பெயரே அதனால்தான். பெட்ரோல் டேங்கை நிரப்பிக்கொண்டோம். இனி உள்ளே கடை இல்லை, தண்ணீர் இல்லை, டாய்லெட் இல்லை, சிக்னலும் இல்லை.

அதே ஓடை... அதே கல்!

மதியம் மூன்று மணி. மண் சாலை தொடங்கியது. சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பு. கொஞ்ச தூரத்தில் அந்த ஓடை. மாமா வண்டியை நிறுத்தினார். எல்லோரும் இறங்கினோம். ஓடைக்குள் நடந்து பார்த்தோம். மணல் இறுகியிருந்தது. ஏறும் பக்கத்தில், வெள்ளை பிளாஸ்டிக் துண்டு ஒன்று மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. ஏப்ரலில் உடைந்த எங்கள் குழாயேதான்! அக்கா அதைக் குனிந்து எடுத்துக் குப்பைப் பையில் போட்டார்.

என்னை டிரெய்லரின் பின்பக்கம், ஓரமாக நிற்கச் சொன்னார் மாமா. "குழாயை மட்டும் பாரு. தட்டுற மாதிரி இருந்தா கையைத் தூக்கு."

கார் இறங்கியது. டிரெய்லர் இறங்கியது. கார் மேட்டில் ஏறத் தொடங்கியதும், மாமா சொன்னபடியே மூக்கு தூக்கியது, வால் தாழ்ந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். குழாய் கீழே... கீழே... கல்லுக்கு மேலே நாலு விரல் இடைவெளி. அப்படியே தாண்டிப் போய்விட்டது. சத்தமே இல்லை.

அக்கா பாப்பாவைத் தூக்கிச் சுற்றினார். அம்மா மட்டும் "சரி சரி, மெதுவா போங்க மாப்பிள்ளை. இன்னும் இருபத்தஞ்சு கிலோமீட்டர் இருக்கு" என்றார்.

சொன்னது சரிதான். அடுத்த ஒரு மணி நேரத்தில் சைக்கிள் வேகம்கூட இல்லை. ஓரிடத்தில் இன்னும் அழகான இடத்துக்குப் போகிற மாதிரி ஒரு கிளைச் சாலை பிரிந்தது. நடந்து போய்ப் பார்த்தோம். நடுவில் ஆழமான அரிப்பு. மாமா ஆசையாகப் பார்த்தார். பிறகு தானே தலையாட்டிவிட்டுத் திரும்பினார். "நாலரை அங்குலம் கூடினா நாலரை அங்குலம்தான். ஜீப் ஆயிடாது."

அடைகாக்கும் கோழிக்குப் பக்கத்தில்...

இந்தப் பள்ளத்தாக்கு அமெரிக்க அரசின் பொது நிலம். 2016-ல் அறிவிக்கப்பட்ட பேர்ஸ் இயர்ஸ் தேசிய நினைவுச்சின்னப் பகுதியைச் சேர்ந்தது. ஏற்கெனவே வண்டிகள் நின்று பழகிய வெற்றிடங்களில், கட்டணம் இல்லாமல் தங்கலாம். புது இடத்தில் டயர் பதிக்கக் கூடாது. ஓடைப் படுகையைவிட்டு மேடான ஓரிடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்தோம். வண்டி ஆடாமல் இருக்க நான்கு மூலையிலும் இறக்கும் கால்கள் தரையைத் தொடவில்லை. உயர்ந்துவிட்டதே! மாமா கொண்டு வந்திருந்த மரத் துண்டுகளை அடியில் அடுக்கினோம். கடைசியாக, அம்மாவின் படி.

சுற்றிலும் தனித்தனியாக நிற்கும் பாறைகள். 25 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய மணற்கல்லை, தண்ணீரும் காற்றும் அரித்து அரித்து மிச்சம் வைத்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஒன்று 'ஏழு மாலுமிகள்'. இன்னொன்று 'அடைகாக்கும் கோழி'. பெயரைச் சொன்னதும் அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஆமா... கழுத்தை உள்ளே இழுத்துக்கிட்டு உக்காந்திருக்கு. நம்ம வீட்டுக் கறுப்புக் கோழி அப்படித்தான் உக்காரும்."

ஆறரை மணிக்குமேல் சூரியன் இறங்கியது. பாறைகள் ஆரஞ்சாகி, சிவந்து, ஊதாவாகி அணைந்தன. அம்மா வண்டிக்குள் ரவா உப்புமா கிளறினார். வாசனை அந்தப் பாலைவனம் முழுக்கப் போயிருக்கும்.

இரவு விளக்கை அணைத்ததும்தான் வானத்தைப் பார்த்தோம். இங்கிருந்து வடக்கே இருக்கும் நேச்சுரல் பிரிட்ஜஸ் என்ற இடத்தைத்தான் 2007-ல் உலகின் முதல் இருண்ட வானப் பூங்காவாக அறிவித்தார்கள். அதே வானம்தான் இங்கேயும். பால்வீதி, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு.

நடு இரவில் கண் விழித்தேன். கதவு திறந்திருந்தது. அம்மா மரப்படியில், சால்வையைப் போர்த்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உங்க அப்பா இருந்தா, இந்நேரம் எந்தெந்த நட்சத்திரம்னு பேர் சொல்லியிருப்பாரு" என்றார். அப்பா போய் ஆறு வருடம். பள்ளிக்கூட வாத்தியார். அதற்கு மேல் அம்மா எதுவும் சொல்லவில்லை. குளிரில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, யார் உதவியும் இல்லாமல் இரண்டு படியும் ஏறி உள்ளே போனார்.

திரும்பும் வழியில்

மறுநாள் மேற்கு முனையில் தார்ச் சாலையைத் தொட்டோம். வலது பக்கம் திரும்பினால் மோக்கி டக்வே. 1950-களில் யுரேனியத் தாது ஏற்றிவரும் லாரிகளுக்காக மலையை வெட்டிப் போட்ட சரளைச் சாலை. சுமார் 5 கிலோமீட்டரில் 300 மீட்டருக்கு மேல் ஏற்றம். டிரெய்லர்கள் வேண்டாம் என்று எச்சரிக்கிறார்கள். மறுபேச்சில்லாமல் இடது பக்கம் திரும்பினோம். கூஸ்நெக்ஸ் பூங்காவில், 300 மீட்டர் ஆழத்தில் பாம்பாக நெளியும் சான் ஹுவான் நதியைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினோம். போய்ச் சேர்ந்ததும் மாமா முதல் வேலையாக வண்டிக்கு அடியில் படுத்து, ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கிப் பார்த்தார். இரண்டு கால் திருப்பு தளர்ந்திருந்தன.

டிரெய்லரை உயர்த்தும் எண்ணம் இருக்கிறதா?

வெளிநாட்டில் இருக்கும் வாசகர்கள் சிலருக்கு இது பயன்படலாம். மாமாவும் அந்தப் பெரியவரும் சொன்னவை இவை:

* எந்த வகை அச்சு என்று முதலில் பாருங்கள். பட்டை ஸ்பிரிங் வண்டியில், ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் அச்சைக் கீழே மாற்றினாலே நல்ல உயரம் கிடைக்கும். ஆனால் அச்சையே தலைகீழாகப் புரட்டக் கூடாது. அதில் மேல்நோக்கி ஒரு சின்ன வளைவு இருக்கும். ஸ்பிரிங் உட்காரும் தாங்கிகளை மறுபக்கம் புதிதாக வெல்டிங் செய்வதே சரி. ரப்பர் வைத்த முறுக்கு அச்சில் இந்த வழி இல்லை.
* உயர்த்துவதற்கு முன் சட்டத்தில் துருவும் விரிசலும் இருக்கிறதா என்று, பெயின்ட்டைச் சுரண்டியாவது பாருங்கள்.
* ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். இரும்புத் தாங்கி அவசியம்.
* இணைப்பு உயரத்தையும் மூக்கின் எடையையும் மறுபடி சரிபாருங்கள்.
* தேவைக்கு மேல் உயர்த்தாதீர்கள். உயர உயர, காற்றிலும் வளைவிலும் ஆட்டம் கூடும்.
* 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளையும் போல்ட்டுகளையும் மறுபடி முடுக்குங்கள்.
* வீட்டுப் பெரியவர்களை ஏறச் சொல்லிப் பாருங்கள். கடைசியாக அல்ல, முதலில்!

நவம்பரில் அம்மாவும் நானும் சென்னை திரும்பினோம். போன வாரம் பஸ் ஸ்டாப்பில், பழைய மாடல் டவுன் பஸ் ஒன்று வந்து நின்றது. படி, நிஜமாகவே அம்மாவின் முழங்கால் உயரம். அம்மா அதை ஒரு நிமிடம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இதை எல்லாம் யாரு அளந்து செஞ்சாங்க? அவங்க வீட்ல மாமியார் இல்லையா?" என்றார்.

அடுத்து வந்த தாழ்தளப் பேருந்தில் ஏறி வீட்டுக்கு வந்தோம்.